குலுக்கலில் விடுபட்ட ஊர்கள்

வேடசந்தூர்ப் பக்கம் கதிரியக்கச் சிகிச்சை என்று யாரும் சொல்வதில்லை. ‘கரண்டு வைக்கிறது’ என்பார்கள். “மதுரையில எங்க மதினிக்குக் கரண்டு வைக்கிறாங்க” என்று பஸ்ஸில் ஒருவர் சொன்னால், பக்கத்தில் இருப்பவர் நோயின் பெயரைக் கேட்பதில்லை. எத்தனை கரண்டு முடிந்தது, இன்னும் எத்தனை பாக்கி என்றுதான் கேட்பார்.

அந்த எண்ணிக்கைக்கு ஒரு கணக்கு உண்டு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் சற்று முற்றிய நிலையில் வரும் பெண்ணுக்குப் பொதுவாக வாரத்தில் 5 நாள் வீதம் 5 வாரம், ஆக 25 முறை வெளியிலிருந்து கதிர் செலுத்துவார்கள். வாரத்துக்கு ஒருமுறை சிஸ்பிளாட்டின் மருந்து நரம்பில் ஏறும். அது முடியும் தறுவாயில் கர்ப்பப்பைக்குள் மெல்லிய குழாய்களைச் செருகி உள்ளிருந்தே கதிர் கொடுப்பார்கள். எல்லாம் சேர்ந்து 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். நாள் தள்ளத் தள்ள கட்டி மறுபடி தலைதூக்கும். வேடசந்தூரிலிருந்து மதுரை 80 கிலோமீட்டருக்குப் பக்கம். மருத்துவமனையில் தங்க முடியாமல், வீட்டில் பிள்ளைகளையும் மாட்டையும் விட்டுவிட்டு, 25 நாளும் போய்வரும் பெண் 4,000 கிலோமீட்டர் பயணம் செய்கிறாள். ஊரை ஒட்டி ஓடும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீநகர் வரை போகிறது. அந்த ஸ்ரீநகர்கூட இதைவிடக் குறைந்த தூரம்தான்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் கதிர்ச் செலவைத் தாங்கிக்கொள்ளும். பஸ் கட்டணத்தையும், மில்லில் விடுபட்ட சம்பளத்தையும், கூடப் போகும் ஆளின் கூலியையும் தாங்காது.

இத்தனைக்கும் பிறகு பிழைப்பவர்கள் எத்தனை பேர்? மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2003 முதல் 2011 வரை ஓர் ஆய்வு நடத்தியது. நோய் இடுப்புச் சுவர் வரை பரவிய, மருத்துவர்கள் 3பி என்று குறிக்கும் நிலையில் வந்த 850 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். பாதிப் பேருக்குக் கதிர் மட்டும். மீதிப் பேருக்குக் கதிரோடு வாராவாரம் சிஸ்பிளாட்டின். 5 ஆண்டு கழித்து, கதிர் மட்டும் பெற்றவர்களில் 46 சதவீதத்தினர் உயிரோடு இருந்தார்கள். மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 54 சதவீதத்தினர். முடிவு 2018இல் வெளியானது. மெலிந்து சோர்ந்து வரும் நம் ஊர்ப் பெண்களின் உடம்பு அந்த மருந்தைத் தாங்குமா என்று அதுவரை பல மருத்துவர்கள் தயங்கினார்கள். தாங்கும், தாங்கினால் நூற்றுக்கு 8 பேர் கூடுதலாகப் பிழைப்பார்கள் என்று அந்த 850 பெண்கள் காட்டிக்கொடுத்தார்கள். அதே மருத்துவமனைக் குழு 300 பெண்களிடம் நடத்திய இன்னொரு ஆய்வில், அறுவைக்குப் பின் கொடுக்கும் கதிரைப் படம் பார்த்து நுட்பமாகக் குறிவைத்தால், பின்னாளில் வரும் குடல் உபாதை 42 சதவீதத்திலிருந்து 21ஆகக் குறையும் என்று தெரிந்தது. நமக்குத் தெரிந்த பெண் யாராவது இன்று கரண்டு வைத்துக்கொண்டு, வயிற்றுப்போக்கில் துவளாமல் வீட்டுக்கு வருகிறாள் என்றால், அதற்குப் பின்னால் முகம் தெரியாத 300 பேர் இருக்கிறார்கள்.

ஆனாலும் 54 என்ற எண் என்னை உறுத்துகிறது. நல்ல மருத்துவமனை, நல்ல மருந்து, முறையான கதிர், எல்லாம் அமைந்தும் கிட்டத்தட்டப் பாதிப் பேரைக் காப்பாற்ற முடியவில்லை. கரண்டு வைக்கும் அறை வரைக்கும் ஒரு பெண் வந்து சேராமல் இருக்க என்ன வழி? அந்தக் கேள்விக்கு உலகம் இன்று நம்பியிருக்கும் பதில்களில் இரண்டுக்குப் பின்னால் திண்டுக்கல் மாவட்டம் இருக்கிறது. மாவட்டத்துக்குள்ளேயே பலருக்கு அது தெரியாது.

அம்பிளிக்கை

வேடசந்தூருக்கு மேற்கே ஒட்டன்சத்திரம். காய்கறிச் சந்தையால் பெயர் பெற்ற ஊர். அதை அடுத்த அம்பிளிக்கையில் கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மையம் என்ற மருத்துவமனை இருக்கிறது. மருத்துவர் ஜேக்கப் செரியனின் உழைப்பில் வளர்ந்தது. 1990களின் நடுவில் இந்த மருத்துவமனையும் சென்னை அடையாறு புற்றுநோய் மையமும், பிரான்ஸில் லியோன் நகரத்தில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து, இந்த மாவட்டத்துக் கிராமங்களுக்கென்று ஒரு புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கின. பெரும்பாலும் பெருநகரங்களில் மட்டுமே பதிவேடு இருந்த காலத்தில், முருங்கையும் சோளமும் விளையும் ஊர்களில் யாருக்கு எந்தப் புற்று வந்தது என்று வீடு வீடாக, மருத்துவமனை மருத்துவமனையாகக் குறித்தார்கள். பதிவேட்டைப் புரட்டியபோது முதலில் நின்றது கர்ப்பப்பை வாய்ப் புற்று. நாட்டிலேயே மிக அதிகமாக இந்த நோய் பதிவான பகுதிகளில் ஒன்றாகத் திண்டுக்கல் கிராமங்கள் இருந்தன.

அடுத்த கேள்வியை எழுப்பியவர் லியோன் முகமையில் நோய் கண்டறிதல் பிரிவை நடத்திவந்த கேரளத்து மருத்துவர் ரங்கசாமி சங்கரநாராயணன். மேற்கு நாடுகள், கர்ப்பப்பை வாயின் உயிரணுக்களை ஆராயும் பேப் சோதனையால் இந்தப் புற்றைக் கட்டுப்படுத்தின. அதற்கு ஆய்வகம் வேண்டும், உயிரணுக்களைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் வேண்டும், முடிவு வந்ததும் அந்தப் பெண்ணை மறுபடி வரவழைக்க வேண்டும். நம் கிராமத்தில் மூன்றுமே கடினம். மலிவான, கண்ணால் பார்த்தே சொல்லக்கூடிய ஒரு வழி இருந்தது. அது உயிரைக் காக்குமா என்பதுதான் தெரியாமல் இருந்தது.

அந்த வழி இதுதான். பெண் மேசையில் படுத்திருப்பாள். பயிற்சி பெற்ற நர்ஸ் கருவியால் விரித்து, விளக்கைத் திருப்பி, கர்ப்பப்பை வாயைப் பார்ப்பார். 3 முதல் 5 சதவீதம் நீர்த்த அசெட்டிக் அமிலத்தில், அதாவது ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகரில் இருக்கும் அமிலத்தில், நனைத்த பஞ்சை அங்கே ஒற்றி எடுப்பார். பிறகு ஒரு நிமிடம் காத்திருப்பார். மாறத் தொடங்கிய உயிரணுக்களில் புரதம் அதிகம். அமிலம் பட்டதும் அந்தப் புரதம் உறைந்து, அந்த இடம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுக்கும். நல்ல சதை இளஞ்சிவப்பாகவே இருக்கும். வெளுத்தது தெரிந்தால், உருப்பெருக்கும் கருவியால் பார்த்து, சிறு துண்டு எடுத்து, தகுதியான இடத்தில் அந்த வேளையிலேயே குளிரூட்டிய உலோக முனையை வைத்து உறைய விடலாம். 3 நிமிடம் உறையவிட்டு, 5 நிமிடம் இளகவிட்டு, மறுபடி 3 நிமிடம் உறைய விடுவார்கள். மயக்க மருந்து வேண்டாம். அந்தப் பெண் எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, நடந்தே வீட்டுக்குப் போகலாம்.

25 நாள் கதிரும், 11 நிமிடக் குளிரும். நோய் ஒன்றுதான், பிடித்த காலம்தான் வேறு.

பாத்தியும் ஊரும்

வேளாண்மைத் துறையினருக்கு வேடசந்தூர் என்றதும் நினைவுக்கு வருவது 1948இல் அமைந்த புகையிலை ஆராய்ச்சி நிலையம். புற்றுநோயைப் பற்றி எழுதும்போது அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. வாய்ப்புற்றுக்கும் மெல்லும் புகையிலைக்கும் உள்ள உறவைத் தனியே எழுத வேண்டும். இங்கே நான் சொல்ல வந்தது வேறு. எந்தப் பயிர் ஆராய்ச்சி நிலையத்திலும் பாத்தி பிரித்து வைத்திருப்பார்கள். ஒரு பாத்திக்குப் புது உரம், பக்கத்துப் பாத்திக்குப் பழைய முறை. எந்தப் பாத்திக்கு எது என்பதை அதிகாரி தன் விருப்பப்படி முடிவு செய்தால் நல்ல மண்ணைப் பார்த்துப் புது உரத்துக்கு ஒதுக்கிவிடுவார். அதனால் குலுக்கிப் போடுகிறார்கள். 1920களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டட் பண்ணையில் ரொனால்ட் ஃபிஷர் இதை ஒரு முறையாக வகுத்தார். அந்தப் பண்ணை முறைதான் மருத்துவத்துக்கு வந்தது. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பலிக்குமா என்று பிரிட்டனில் குலுக்கல் முறையில் நடந்த புகழ்பெற்ற ஆய்வு வெளியான ஆண்டும் 1948. 1950களின் பிற்பகுதியில் சென்னையிலேயே, காசநோயாளியைச் சானடோரியத்தில் வைக்காமல் வீட்டிலேயே குணப்படுத்த முடியும் என்று இதே முறையில் நிறுவி உலகத்தின் வழக்கத்தை மாற்றினார்கள். தமிழ்நாட்டுக்கு இது புதிது அல்ல.

குலுக்கல் சீட்டுப் போடும் எந்தப் பெண்ணுக்கும் இந்த நியாயம் விளங்கும். ஏலச்சீட்டில் வாய் உள்ளவர் முதலில் எடுப்பார். குலுக்கலில் அது செல்லாது.

திண்டுக்கல் ஆய்வில் பாத்திக்குப் பதில் ஊர்கள். மாவட்டத்தில் 114 ஊர்த் தொகுதிகளை எடுத்துக் குலுக்கினார்கள். 57 தொகுதிகளில் உள்ள 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு நர்ஸ்கள் ஒருமுறை அந்த அமிலச் சோதனையைச் செய்தார்கள். மற்ற 57இல் வழக்கமாகக் கிடைக்கும் மருத்துவ வசதி மட்டும். செலவு பில் மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளையுடையது. சங்கரநாராயணனோடு அம்பிளிக்கையின் பி.ஓ. எஸ்மி, ஆர். ராஜ்குமார், அடையாற்றின் ஆர். சுவாமிநாதன் ஆகியோர் நடத்தினார்கள். 2000இல் தொடங்கி 2006 வரை இரு பக்கத்துப் பெண்களையும் பின்தொடர்ந்தார்கள். யாருக்குப் புற்று வந்தது, யார் இறந்தார் என்பதைச் சொல்ல அந்தப் பதிவேடு இருந்தது. பதிவேடு இல்லாவிட்டால் இந்த ஆய்வே இல்லை. ஊர் ஊராகப் போய்ப் பெயர் குறித்தவர்களின் வேலையை யாரும் பாராட்டுவதில்லை. நான் பாராட்ட விரும்புகிறேன்.

சோதனைக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில் 49,311 பெண்கள். அவர்களில் 31,343 பேர் வந்தார்கள். நூற்றுக்கு 64. வராத 18,000 பேரைப் பற்றியும் யோசிக்க வேண்டும். இளம் வயதினரும் கணவன் உள்ளவர்களும் அதிகம் வந்தார்கள். நோய் அதிகம் தாக்கும் வயதை எட்டியவர்கள், விதவைகள், தயங்கினார்கள். “புள்ள பெத்து முடிச்சாச்சு, இனிமே அங்க என்னத்தப் பாக்கப் போறீங்க தாயி?” என்று கேட்கும் ஆத்தாக்கள் எங்கள் பக்கம் இன்றைக்கும் இருக்கிறார்கள். வெள்ளைப்படுதலைக்கூட மருமகளிடம் சொல்லாத தலைமுறை அது. வந்தவர்களில் 3,088 பேருக்கு, ஏறக்குறைய 10 பேரில் ஒருவருக்கு, வெளுப்புத் தெரிந்தது. சோதனை ஊர்களில் புற்றுக்கு முந்தைய மாற்றம் 1,874 பெண்களிடம் உறுதியானது. அதில் பெரும்பாலானவை தீவிரம் குறைந்தவை, தானாகவே மறையக்கூடியவையும் உண்டு. அந்தப் பெண்களில் 72 சதவீதத்தினர் சிகிச்சை பெற்றார்கள்.

முடிவு 2007இல் லான்செட் இதழில் வந்தது. ஒரு பெண்ணை ஓர் ஆண்டு கவனித்தால் ஒரு பெண்-ஆண்டு என்று கணக்கு. சோதனை ஊர்களில் 2,74,430 பெண்-ஆண்டுகளில் கர்ப்பப்பை வாய்ப் புற்றால் 83 பேர் இறந்தார்கள். சோதனை இல்லாத ஊர்களில் 1,78,781 பெண்-ஆண்டுகளில் 92 பேர். லட்சத்துக்கு எடுத்தால் ஒரு பக்கம் 30, இன்னொரு பக்கம் 51. வயது முதலிய வேறுபாடுகளைச் சரிக்கட்டிப் பார்த்தபோது நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. 30 முதல் 39 வயதுப் பெண்களில் சாவு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. ஒரே ஒருமுறை, ஒரு நர்ஸ், ஒரு விளக்கு, ஒரு பஞ்சு.

கண்ணால் பார்த்துச் செய்யும் இந்தச் சோதனை சாவைக் குறைக்கும் என்பதற்கு உலகத்துக்குக் கிடைத்த முதல் உறுதியான சான்று இது. அதற்காக இதற்கு எட்டாத பெருமையைச் சூட்டவும் கூடாது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களிடம் நடந்த ஆய்வில் இதே அமிலச் சோதனை சாவைத் தெளிவாகக் குறைக்கவில்லை, அங்கே இந்தப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. வைரஸைத் தேடும் சோதனைதான் சாவைப் பாதியாகக் குறைத்தது. மும்பைக் குடிசைப் பகுதிகளில் பலமுறை செய்த அமிலச் சோதனை 31 சதவீதம் குறைத்தது. கண்ணை நம்பும் சோதனை, பார்ப்பவரின் பயிற்சிக்கும் அக்கறைக்கும் தக்கபடிதான் பலிக்கும். திண்டுக்கல்லில் பலித்தது என்றால் அந்த நர்ஸ்கள் நன்றாகப் பார்த்தார்கள் என்று பொருள். உலக சுகாதார நிறுவனம் இப்போது முதன்மையாகப் பரிந்துரைப்பது வைரஸ் சோதனையை. நல்லது. அந்த வசதி இல்லாத இடத்தில் ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பாமல் இருக்க வினிகர் போதும் என்று சொல்லும் தைரியத்தைத் திண்டுக்கல்தான் கொடுத்தது.

92 பேர்

இனிமேல் எழுதுவது எளிதாக இல்லை.

அந்த 92 பெண்களும் குலுக்கலில் விடுபட்ட ஊர்களைச் சேர்ந்தவர்கள். உஸ்மானாபாத்தில் சோதனை இல்லாத தொகுதியில் 64 பேர், மும்பையில் 98 பேர். மூன்றையும் கூட்டினால் 1,38,624 பெண்களில் 254 சாவுகள். 2014இல் அமெரிக்க நோய்க்கூறியலாளர் எரிக் சூபா இந்த எண்ணை இந்திய மருத்துவ அறநெறி இதழில் எழுதினார். பேப் சோதனை பலிக்கும் என்று உலகம் பல பத்தாண்டுகளாக அறிந்திருக்க, ஒரு பக்கத்துப் பெண்களுக்கு எந்தச் சோதனையும் கொடுக்காமல் எத்தனை பேர் சாகிறார்கள் என்று எண்ணியது அறமா என்று கேட்டார். ஆய்வை நடத்தியவர்களும் பதில் சொன்னார்கள்: இந்தியக் கிராமத்தில் அன்றைக்கு நடைமுறையில் எந்தச் சோதனையும் இல்லை, யாரிடமிருந்தும் எதையும் நாங்கள் பறிக்கவில்லை, புது முறை பலிக்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது, தெரியாததால்தானே ஆய்வு.

இரண்டு பக்கத்தையும் பலமுறை படித்திருக்கிறேன். நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சோதனை 35 சதவீதச் சாவைத் தடுக்கும் என்றால், 92 பேரில் சுமார் 32 பேர் தப்பியிருக்கலாம். அந்த 32 பேர் யார் என்று யாராலும் காட்ட முடியாது. புள்ளிவிவரத்தின் கொடுமை அதில்தான் இருக்கிறது. 92 குடும்பங்களும் ‘நம்ம ஆத்தாவும் அதில் ஒருத்தியோ’ என்று நினைக்கலாம். எந்தக் குடும்பமும் உறுதியாகச் சொல்ல முடியாது.

என் முடிவைச் சொல்கிறேன். கேள்வி நேர்மையான கேள்வி. 2000இல் அதன் விடை தெரியாது என்பதும் உண்மை. உஸ்மானாபாத்தில் அதே முறை பலிக்காமல் போனதே அதற்குச் சாட்சி. ஆனால் பாத்தி வேறு, ஊர் வேறு. உரம் போடாத பாத்தியை அறுவடை முடிந்ததும் உழுதுவிடலாம். சோதனை கிடைக்காத ஊரில் பெண்கள் தொடர்ந்து வாழ்கிறார்கள். அவர்கள் காத்திருந்ததால்தான் உலகத்துக்கு விடை கிடைத்தது. விடை தெரிந்த நாளிலிருந்து அவர்கள்தான் வரிசையில் முதல் ஆள். அந்தக் கடன் ஆய்வை நடத்திய மருத்துவமனையோடு முடிவதில்லை. அந்த அறிவை எடுத்துக்கொண்ட அரசின் தலையிலும் ஏறுகிறது.

அரசு சும்மா இருக்கவில்லை. தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ் 2007இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் ஆரம்ப சுகாதார நிலைய அளவிலேயே இந்தச் சோதனையைத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க விரித்தார்கள். இந்தியாவில் வேறெந்த மாநிலமும் அவ்வளவு முன்கூட்டிச் செய்யவில்லை. ஆனாலும் 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், எப்போதாவது ஒருமுறை கர்ப்பப்பை வாய்ச் சோதனை செய்துகொண்டதாகச் சொன்ன 30–49 வயதுப் பெண்கள் தமிழ்நாட்டில் 9.8 சதவீதம்தான். நாட்டின் சராசரி 2ஐக்கூடத் தொடவில்லை என்பதால் நாம் முதல் வரிசையில் இருக்கிறோம். 2000களின் தொடக்கத்தில் ஓர் ஆய்வுக் குழு இந்த மாவட்டத்துக் கிராமங்களில் 64 சதவீதப் பெண்களை மேசைக்கு அழைத்து வந்தது. இருபது ஆண்டு கழித்து மாநிலம் முழுவதற்கும் 10கூட இல்லை. வீடு தேடிப் போய்ப் புற்றுநோய்ச் சோதனைக்கு அழைக்கும் புதிய திட்டத்தை முதலில் முயன்று பார்க்கத் தேர்ந்தெடுத்த 4 மாவட்டங்கள் ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர். அவற்றில் திண்டுக்கல் இல்லை.

அந்த 64 எப்படி வந்தது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. பெண்களை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிக் காத்திருக்காமல் நர்ஸ்கள் ஊருக்குள் போனார்கள். வெளுப்புத் தெரிந்தால் ‘அடுத்த வாரம் வா’ என்று அனுப்பாமல் அந்த வேளையிலேயே சிகிச்சையும் செய்தார்கள். மில் பஸ் விடியலில் வந்து ஏற்றிக்கொண்டு இருட்டியபின் இறக்கிவிடும் வேடசந்தூர் பகுதியில், காலை 9 முதல் மாலை 4 வரை திறந்திருக்கும் சோதனை அறை யாருக்காக? நூறு நாள் வேலைக்குப் போகிறவளுக்கு ஒரு நாள் கூலி போனால் யார் கொடுப்பார்? ஆய்வு சொன்ன பதிலை எடுத்துக்கொண்டோம். ஆய்வு நடந்த விதத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

நின்றுபோன ஊசி

இரண்டாவது பதில் கிடைத்த கதை வேறு மாதிரி.

இந்தப் புற்றுக்குக் காரணம் எச்.பி.வி. வைரஸ் என்று கண்ட ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள் தடுப்பூசியும் வந்துவிட்டது. அப்போது 3 தவணை. ஒவ்வொரு தவணையும் ஏழைக் குடும்பத்துக்குப் பெருந்தொகை. இரண்டு போதுமா என்று பார்க்க அதே சங்கரநாராயணன் குழு 2009 செப்டம்பரில் இந்தியாவில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. 188 தொகுதிகள், 10 முதல் 18 வயது வரையிலான, திருமணமாகாத 20,000 பெண்கள் என்பது திட்டம். நாடெங்கும் 9 மையங்கள். அம்பிளிக்கை அதில் ஒன்று.

அந்த நேரத்தில் அன்றைய ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பாத் என்ற அமைப்பு நடத்திய வேறொரு தடுப்பூசித் திட்டத்தில் 7 சிறுமிகள் இறந்த செய்தி வந்தது. அந்தச் சாவுகள் ஊசியால் நேர்ந்தவை அல்ல என்று விசாரணைக் குழு பிறகு சொன்னது. ஆனால் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டது உள்ளிட்ட முறைகேடுகள் வெளிவந்தன. பழங்குடிச் சிறுமிகளின் உடம்பைப் பற்றி அவர்கள் தாய் தகப்பனிடம்கூடக் கேட்காமல் நடந்த அந்தக் காரியத்துக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. 2010 ஏப்ரலில் அரசு இந்த ஊசி தொடர்பான எல்லா ஆய்வுகளையும் நிறுத்தியது. அந்த உத்தரவில் அம்பிளிக்கை உள்ளிட்ட மையங்களின் வேலையும் பாதியில் நின்றது.

அதுவரை 17,729 பெண்களுக்கு ஊசி போட்டிருந்தார்கள். 4,348 பேருக்கு 3 தவணை முடிந்திருந்தது. 4,979 பேர் 6 மாத இடைவெளியில் 2 தவணை பெற்றிருந்தார்கள். 3,452 பேர் 2 மாத இடைவெளியில் 2 பெற்று நின்றுவிட்டார்கள். 4,950 பேருக்கு ஒரே ஒரு ஊசிதான் விழுந்திருந்தது. குலுக்கல் குலைந்துபோனது. ஆய்வு செத்துவிட்டது என்று மூடிவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் போகவில்லை. ஒரு ஊசியோடு நின்றுபோன அந்த 4,950 பெண்களையும் மற்றவர்களோடு சேர்த்துப் பின்தொடர்ந்தார்கள். பள்ளி மாறியவள், கல்யாணமாகி வேறு ஊர் போனவள், முதல் பிள்ளை பெற்றவள் என்று ஒவ்வொருத்தியையும் தேடிப் போனார்கள். திருமணத்துக்குப் பிறகு மாதிரி எடுத்து, வைரஸ் தங்கிவிட்டதா என்று பார்த்தார்கள்.

2021இல் முடிவு வந்தது. புற்றுக்குப் பெருங்காரணமான 16, 18ஆம் வகை வைரஸ் உடம்பில் தங்கிவிடாமல் காப்பதில் 3 ஊசியின் திறன் 93.3 சதவீதம், 2 ஊசி 93.1, ஒரே ஊசி 95.4. மூன்றும் ஏறத்தாழ ஒன்றுதான். கோஸ்டா ரிக்காவிலும் கென்யாவிலும் நடந்த ஆய்வுகள் இதே திசையைக் காட்டின. 2022 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஒரு தவணையே போதும் என்றது. டிசம்பரில் நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ நிலைப்பாடு வந்தது. மூன்று ஊசிக்கு ஆகும் காசில் மூன்று சிறுமிகளைக் காக்க முடியும் என்றானபோது, கையிருப்பு இல்லாமல் தவித்த ஏழை நாடுகள் பல ஒற்றைத் தவணைக்கு மாறின.

இந்த முடிவைக் குறையில்லாத சான்று என்று சொல்ல முடியாது. குலுக்கல் குலைந்த ஆய்வில் ஒரு ஊசி பெற்றவர்களும் மூன்று பெற்றவர்களும் எல்லா வகையிலும் ஒத்தவர்கள் என்று சத்தியம் செய்ய இயலாது. ஊசியே போடாத பெண்களை ஒப்பீட்டுக்காகப் பிற்பாடுதான் சேர்த்தார்கள். ஆய்வாளர்களே இதை எழுதியிருக்கிறார்கள். ஆனால் சுமார் 9 ஆண்டு கலையாமல் நின்ற ஒரு பாதுகாப்பு தற்செயலாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இரண்டு ஆய்வுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று படுகிறது. முதலாவதில் குலுக்கல் முறையாக நடந்தது. அறத்தைப் பற்றிய கேள்வி பின்னால் வந்தது. இரண்டாவதில் வேறொருவர் செய்த அறத் தவறால் குலுக்கல் குலைந்தது. ஆனாலும் விடை கிடைத்தது. இரண்டிலும் விடையைத் தாங்கி நின்றது ஒரே விஷயம். ஒரு பெண்ணின் பெயரை எழுதி வைத்து, பல ஆண்டு கழித்தும் அவளைத் தேடிப் போய், ‘எப்படி இருக்க?’ என்று கேட்ட பழக்கம். இப்போது விதிகளும் இருக்கின்றன. 2007இல் தொடங்கிய இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் ஒவ்வொரு ஆய்வையும் முன்கூட்டிப் பதிய வேண்டும் என்பது 2009இலிருந்து கட்டாயம். 2019இல் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகளுக்கான விதிகள் வந்தன; பங்கேற்பவருக்குத் தீங்கு நேர்ந்தால் இழப்பீடு, அறநெறிக் குழு என எல்லாம் அதில் இருக்கின்றன. ‘நம்மள சோதன எலியாக்கிருவாங்க’ என்ற பயத்துக்கு விதிப்புத்தகம் மட்டும் மருந்தாகாது. ஆய்வுக்கு ஆள் கேட்டு வந்தவர்கள் ஆய்வு முடிந்த பிறகும் வருகிறார்களா என்பதைத்தான் ஊர் பார்க்கும்.

2025–26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு, 14 வயதுப் பெண் குழந்தைகளுக்குப் படிப்படியாக எச்.பி.வி. தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. புனேயின் சீரம் நிறுவனம் உள்நாட்டிலேயே இந்த ஊசியைத் தயாரிக்கிறது. வேடசந்தூரில் ஏதோ ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ படிக்கும் பெண்ணின் கையில் அந்த ஊசி ஏறும்போது, அவள் அம்மாவின் வயதை ஒட்டிய யாரோ ஒருத்தி, ஒட்டன்சத்திரம் பக்கத்து ஊர் ஒன்றில், நர்ஸ் இரண்டாவது ஊசிக்கு வராமல் போனதை மறந்தே போயிருப்பாள். 2009இல் 18 வயதில் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு 30 வயது கடந்துவிட்டது. அவர்களின் அம்மாவோ பெரியம்மாவோ அந்த மேசையில் படுத்து ஒரு நிமிடம் காத்திருந்த அதே வயது. 10 வயதில் போட்டுக்கொண்டவர்கள் 2029இல் அந்த வயதை எட்டுவார்கள்.